கோழிகள் தின்ற எண்

இப்போது வண்டியின் உடலில் பொறித்த சேசிஸ் எண்ணைக் கேமரா படிக்கிறது. பரிசோதகர் குனிந்து டார்ச் அடித்து, எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்த காலம் முடிந்துவிட்டது. அண்மையில் என் பழைய சகாக்கள் ஜொகூர் பாருவில் ஒரு தேநீர் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர், "கேமராவே நம்பர் சரின்னு சொல்லிட்டா நாம எதுக்கு அங்கிள் குனிஞ்சு பாக்கணும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு காரைப் பற்றிச் சொன்னால்தான் பதில் வரும். அந்தக் காரைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஜொகூரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் சாலை விபத்துகள். எங்கள் செய்தி ஆசிரியருக்கு அலங்காரம் பிடிக்காது. 'பயங்கர விபத்து' என்று எழுதினால் 'பயங்கர'த்தை அடித்துவிட்டு, லோரியின் டயர் எப்படி இருந்தது என்று கேட்பார். அதைத் தெரிந்துகொள்வதற்காகப் பட்டறைகளில் போய் நிற்க ஆரம்பித்தேன். நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தியைவிட வண்டியில் ஆர்வம் கூடிவிட்டது. தொழிற்கல்விச் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருந்தது. பரிசோதனை மையத்தில் ஆள் எடுத்தபோது சேர்ந்தேன். பிரேக், விளக்கு, புகை, பள்ளத்தில் இறங்கி வண்டியின் அடியைப் பார்ப்பது எல்லாம் சில மாதங்களில் பழகிவிட்டன.

மேடம் மாலதி எங்களுக்குத் தலைமைப் பரிசோதகராக வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. வயதில் என்னைவிட இளையவர். தங்காக்கில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். என்னை 'அண்ணே' என்பார். நான் 'மேடம்' என்பேன். ஒரு வண்டி வந்து நின்றால் அவர் முதலில் அதன் பின்புறம் போய் நிற்பார். கைகளைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் சும்மா பார்ப்பார். பிறகு தகட்டின் விளிம்பைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, சேலை முந்தானையின் நெசவைப் பார்ப்பவர் போல மெல்ல நகர்த்துவார். எங்கே தகடு தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்பது அவருக்கு அப்படித் தெரிந்துவிடும்.

வண்டி தேறவில்லை என்றால் அதை உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டார். உரிமையாளர் நின்றால் அவரும் நிற்பார். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் வாய் திறக்கும்வரை பேசாமல் இருப்பார். 'ரூல் அப்படி' என்று எங்களில் யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட தடை. காரணம் தெரியாதவன்தான் ரூல் என்பான் என்பார்.

ஒரு முறை செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஒன்று வந்தது. பிரேக், விளக்கு எல்லாம் சரி. அடிச்சட்டத்தில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது. மாலதி பள்ளத்துக்குள் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். "அண்ணே, அடியில யாரு அழகு பாப்பாங்க?" என்றார். சுரண்டினோம். சட்டத்தில் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. இன்னொரு முறை ஒரு பள்ளி வேன். ஓட்டுநர் மாலதியின் சொந்தக்காரர். இருக்கைகளின் போல்ட் தளர்ந்திருந்தது. வேனை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைகளில் சிலரைத் தன் சொந்தக் காரில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார். அதை எங்களிடம் சொன்னது அவரல்ல, அந்த ஓட்டுநர்தான். கோபம் தீராமலேயே சொன்னார்.

அந்தக் கார் ஒரு வியாழக்கிழமை காலையில் இழுவை லோரியின் முதுகில் வந்தது. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த, இருவர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார். வெளிறிய மஞ்சள். கீழே இறக்கியபோது மற்ற வரிசைகளில் இருந்த ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து நின்றார்கள். கதவுக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருந்தது. அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில்கூட அப்படி இருந்திருக்காது.

கொண்டு வந்தவர் கணேசன். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி லலிதா கூட வந்திருந்தார். வேலை முடிய நேரமாகும் என்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்து மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். காரை உலு திராமுக்கு அப்பால் பழத்தோட்டம் வைத்திருந்த ஒரு சீனரிடமிருந்து துருப்பிடித்த நிலையில் வாங்கி, வீட்டிலேயே பல ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்திருந்தார்கள். கார் இன்னும் அந்தத் தோட்டக்காரர் பெயரில்தான் இருந்தது. பெயர் மாற்றுவதற்கு எங்கள் பரிசோதனையில் தேற வேண்டும். தேறினால்தான் சாலை வரி கட்டலாம், சாலையில் ஓட்டலாம்.

பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்தது. விளக்குகள் சரி. புகை அளவுக்குள். கடைசியாகச் சேசிஸ் எண். அது எஞ்சின் அறையின் உள்சுவரில், இடப்பக்கச் சக்கரத்துக்கு மேலே இருந்தது. எல்லாரும் 'கிராண்ட்' என்று சொல்லும் பதிவு அட்டையில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. கேமரா இருந்திருந்தால் பச்சை விளக்கு எரிந்திருக்கும்.

ஆனால் எண் நேராக இருந்தது. அந்தக் காலத்தில் இந்த வகைக் கார்களுக்கு ஒரு தொழிலாளி ஒவ்வோர் இலக்கமாக அச்சு வைத்துச் சுத்தியலால் அடிப்பார். ஒன்று சாயும், ஒன்று இறங்கும், ஒன்று ஆழமாகப் பதியும். இங்கே எல்லா இலக்கங்களும் கோடு போட்டு நிறுத்தியது போல நின்றன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். எண்ணைச் சுற்றிப் பெயிண்டுக்கு அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரத் தழும்பு தெரிந்தது.

"இந்த நம்பர யாருங்க அடிச்சது?" என்று கேட்டேன்.

"நாந்தான்," என்றார் கணேசன். நான் பாராட்டப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். "நல்லா வந்திருக்கா? பழைய தகட்டுல நெறைய அடிச்சுப் பழகிட்டுதான் இதுல அடிச்சேன்."

இதன் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். திருட்டுக் காரை விற்கிறவர்கள் செய்வது இதைத்தான். ஒரு காரின் எண்ணை வெட்டி எடுத்துவிட்டு இன்னொரு காரின் எண்ணை வைப்பார்கள். வெட்டி ஒட்டிய கார்களை இங்கே 'போத்தோங்' என்பார்கள். எண்ணில் யார் கைவைத்தாலும் வண்டியைப் பிடித்து வைத்து விசாரிக்க வேண்டும். பிடித்து வைத்த வண்டிகள் நிற்கும் திடலை நான் பார்த்திருக்கிறேன். மழையிலும் வெயிலிலும் நின்று, வழக்கு முடிவதற்குள் முடிந்துபோய்விடும். பிறகு நசுக்கி இரும்புக்குப் போகும். கணேசன் மேலும் வழக்கு வரலாம்.

மாலதியைக் கூப்பிட்டேன். வழக்கம்போலப் பின்புறம் போய் நின்றார். இந்த முறை அதிக நேரம் நின்றார். பிறகு சதுரத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கணேசனுக்கு எதிரே வந்தார்.

"அண்ணே, நீங்க நம்பர் அடிச்சதுனால இது எந்தக் கார்னு எனக்குத் தெரியாம போச்சு."

கணேசனுக்குப் புரியவில்லை. "கிராண்ட்ல உள்ள நம்பரத்தான மேடம் அடிச்சிருக்கேன்?"

"கிராண்ட பாத்துதாண்ணே திருடனும் அடிப்பான்."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. நடந்ததைச் சொன்னார். தோட்டத்தில் கார் பல ஆண்டுகள் தகரக் கொட்டகையில் கிடந்திருக்கிறது. எஞ்சின் மூடி இல்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் கோழிகள் அடை காத்திருக்கின்றன. அவற்றின் எச்சம் அந்தச் சுவரில் படிந்து தகட்டைத் தின்றுவிட்டது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் போய்விட்டன. எண் தெளிவாக இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, எண்ணையும் அடித்துவிட்டார். கெட்டுப்போனதைச் சரிசெய்கிறோம் என்ற நினைப்பைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

"வெட்டுன தகடு எங்க?" என்றார் மாலதி.

"பேப்பர் லாமா லோரில போட்டுட்டேன் மேடம்."

தாமான் தாமானாக, குடியிருப்புத் தெருக்களில் சுற்றிப் பழைய பேப்பரும் இரும்பும் வாங்கிக்கொண்டு போகும் லோரி அது. அதில் போனது திரும்பாது. அப்படியென்றால் காரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதி அனுப்புவதைத் தவிர வழியில்லை, கார் இனி வெளியே போக முடியாது என்று மாலதி சொன்னார். கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் காரின் மேல் விழுந்திருந்தது. அதைக் கணேசன் சட்டைக் கையால் துடைத்தார்.

பேச்சு நின்றதைக் கவனித்து லலிதா எழுந்து வந்தார். என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு கணவரைப் பார்த்தார்.

"லோரில போட்டீங்களா?"

"நாந்தான போட்டேன்."

"நீங்க போட்டீங்க. நான் எடுத்துட்டேன்."

லலிதா சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பழுதான சர்க்கியூட் போர்டுகளைச் சரிசெய்யும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறவர். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய் வருபவர். போர்டிலிருந்து கழற்றிய எந்தப் பாகத்தையும் அங்கே குப்பையில் போடக் கூடாதாம். பையில் போட்டு, எங்கிருந்து கழற்றியது என்று எழுதி ஒட்டி, தரம் பார்க்கும் 'கியூசி' பிரிவுக்காக அந்தப் போர்டோடு சேர்த்தே வைக்க வேண்டுமாம்.

"கியூசி ஓகே சொல்ற வரைக்கும் கழட்டுன சாமான் கூடவே இருக்கணும் மேடம். இந்தக் காருக்கு இன்னும் யாரும் ஓகே சொல்லல இல்ல?"

மாலதி சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றும் சிரிக்கவில்லை. ஆனால் லலிதாவை 'அக்கா' என்று கூப்பிட்டார். "அக்கா, அத நீங்க எடுத்துட்டு வராதீங்க. நீங்க தொட்டா அது சாட்சி இல்ல. நாங்க வந்து எடுக்கிறோம்." காரைப் பின்கட்டில் நிறுத்தி, எஞ்சின் மூடியில் முத்திரை ஒட்டச் சொன்னார். நால்வரும் ஒரே வண்டியில் உலு திராமில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். கணேசனைத் தனியாக முன்னால் போக விடவில்லை. வழியெல்லாம் நாசி லெமாக் வாசம் வண்டி முழுக்க இருந்தது.

வரிசை வீடு. கார் நிறுத்தும் முன்பகுதிதான் பட்டறை. நான் எத்தனையோ பட்டறைகள் பார்த்தவன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பழைய இரும்புக் கட்டில்கள் இரண்டை வெட்டி ஒரு தாங்கி செய்திருந்தார் கணேசன். காரின் உடலை அதில் பூட்டிப் பக்கவாட்டில் சாய்க்கலாம். படுத்துக்கொண்டு மேல்நோக்கி வெல்டிங் செய்தால் தீப்பொறி முகத்தில் விழும் என்பதால் காரைத் திருப்பிக்கொண்டாராம். கதவு இடைவெளியை அளக்க இருபது சென் நாணயத்தை வைத்திருந்தார். நாணயம் மேலே நுழைந்து, எங்கேயும் தட்டாமல் கீழே வந்தால்தான் விடுவாராம். மின்கம்பிகள் முழுவதும் லலிதாவின் வேலை. பழைய கம்பிக்கட்டைப் பலகையில் ஆணியடித்துப் பரப்பி, நிறத்துக்கு நிறம் புதுக் கம்பி வைத்து, துணிநாடா சுற்றிக் கட்டியிருந்தார். அந்தப் பலகை இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது. பல தீபாவளிகளுக்கு விருந்தாளிகள் காரின் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் முறுக்குத் தின்றார்கள் என்று லலிதா சொன்னார். அவர்கள் அன்றாடம் ஓட்டும் காரோ தெருவிலேயே நின்று வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

மாடிப்படிக்கு அடியில் பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்தன. லலிதா கைகாட்டினார். மாலதி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார். உள்ளே பைகள். ஒவ்வொரு பையிலும் துருப்பிடித்த ஒரு துண்டு, அது காரில் எந்த இடம் என்ற குறிப்போடு. கணேசன் வெட்டி எறிந்த எல்லாமே இருந்தன.

"நான் பிஸ்கட்டுன்னு நெனச்சேன்," என்றார் கணேசன்.

"இத்தன வருஷத்துல ஒரு பிஸ்கட் கேட்டிருக்கீங்களா?"

எண் இருந்த துண்டு கிடைத்தது. முதல் இலக்கங்கள் கோணல்மாணலாக, தொழிற்சாலைக்காரர் அடித்தபடியே இருந்தன. கடைசி இரண்டு இருந்த இடம் அம்மை விழுந்த முகம்போல் ஆகிவிட்டிருந்தது. டார்ச்சை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஒன்றும் படிக்க முடியவில்லை. அந்த இரண்டு இல்லாமல் எண் முழுமையாகாது. முன்பகுதி இலக்கங்கள் அதே ஆண்டில் செய்த பல கார்களுக்கும் பொது. கணேசன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மாலதி துண்டைத் திருப்பினார். பின்பக்கம் சக்கரத்தை நோக்கி இருந்த பக்கம். அங்கே தொழிற்சாலையில் பூசிய தார் கெட்டியாக ஒட்டியிருந்தது. கோழி எச்சம் அந்தப் பக்கம் வந்ததில்லை. விரல்களுக்கிடையே தகட்டை நகர்த்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"அண்ணே, மெல்லிசுத் தகடு. முன்னாடி அடிச்சா பின்னாடி புடைக்கும் இல்ல?" என்றார் என்னிடம்.

இரும்பு எதையும் பயன்படுத்தவில்லை. பிளாஸ்டிக் அளவுகோலாலும் மண்ணெண்ணெய்த் துணியாலும் தாரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அவசரப்படவில்லை. தாருக்கு அடியில் பளிச்சென்று இரும்பு வந்தது. அதில் சின்னச் சின்ன மேடுகள், இடம் வலம் மாறி. லலிதா தன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்தார். மாலதி கிராண்ட்டைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கணேசனைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் தெரிவதை என்னைப் படிக்கச் சொன்னார். காலையில் ஒப்பிட்ட எண் உங்கள் மனத்தில் இருக்கும், அதை மறந்துவிட்டு ஒவ்வோர் இலக்கத்தையும் வளைவு எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள் என்றார். அப்படியே சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகுதான் கிராண்ட்டை எடுத்தார்.

"சரியா இருக்கு," என்றார். அவ்வளவுதான். கணேசன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. அதே சுவரின் அரித்துப்போன ஓரங்களில் வெட்டிய மற்றத் துண்டுகளையும் எண் துண்டையும் தரையில் பரப்பி விளிம்போடு விளிம்பு சேர்த்தோம். உடைந்த தட்டுப் போல அவை பொருந்தி அந்தச் சுவரின் ஒரு பகுதியாயின. அதைக் காகிதத்தில் வரைந்து, மறுநாள் மையத்தில் காரோடு வைத்துப் பார்த்தோம். தகட்டிலிருந்த துளைகளும் காரிலிருந்த துளைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. மாலதி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையைப் படித்தேன். கணேசன் நல்லவர் என்றோ, பாவம் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. பார்த்தது மட்டும், பார்த்த வரிசையில். எங்கள் செய்தி ஆசிரியர் அதில் அடிப்பதற்கு ஒன்றும் கண்டிருக்க மாட்டார்.

பதில் வரப் பல வாரங்கள் ஆயின. கணேசன் மேல் வழக்கு இல்லை. அவர் எண் அடித்த தகட்டை வெட்டி எடுத்து அதிகாரிகள் முன்னால் அழிக்க வேண்டும், பழைய துண்டையே அதன் இடத்தில் திரும்ப வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். செய்தி கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கவலைப்பட்டார். மறுபடி வெல்டிங் செய்தால் சூட்டில் முன்பக்கப் பெயிண்ட் முழுவதும் கருகிவிடும். அந்த மஞ்சளைப் பழைய கீல் ஒன்றின் அடியில் கண்டுபிடித்துக் கலக்கச் சொல்லியிருந்தார். மறுபடி அதே நிறம் வருமா என்று அவருக்குச் சந்தேகம்.

வழி சொன்னது லலிதா. நான்கு மூலைகளில் மட்டும் புள்ளி வெல்டிங், மீதி விளிம்பு முழுவதும் குறைந்த சூட்டிலேயே உருகும் ஈயம், சுற்றிலும் ஈரத்துணி. அந்தச் சுவர் பாரம் தாங்குவதில்லை என்பதால் மாலதி ஒத்துக்கொண்டார். ஆனால் வேலையை மையத்தில், தன் கண் முன்னால் செய்ய வேண்டும் என்றார்.

கணேசன் தான் அடித்த எண்ணை வெட்டி எடுத்தார். அரைக்கும் மிஷினில் பிடித்து ஒவ்வோர் இலக்கமாக அழித்தார். பிறகு துருப்பிடித்த பழைய துண்டைப் பொருத்தி மூலைகளை ஒட்டிவிட்டு விலகினார். லலிதா பெரிய சால்டரிங் இரும்போடு குனிந்தார். ஈயம் விளிம்பைப் பிடித்து ஓடுவதையும், அவர் கை அதன் பின்னால் அவசரமில்லாமல் போவதையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது ஆண்டு வேலையில் எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறேன். எங்கேயும் நிற்காத, எங்கேயும் திரும்பி வராத கை அது ஒன்றுதான். ஈரத்துணியை எடுத்தபோது மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. நடுவே கையளவு துருத் துண்டு. மாலதி அதைப் பார்த்துவிட்டு, தேறியது என்று கையெழுத்துப் போட்டார்.

பெயர் மாற்றும் அலுவலக முகப்பு அப்போது எங்கள் வளாகத்திலேயே இருந்தது. தோட்டக்காரர் காலையிலேயே வந்து தன் பங்கை முடித்துவிட்டுப் போயிருந்தார். வாங்குபவரின் அடையாள அட்டையைக் கேட்டதும், கணேசன் பையிலிருந்து எடுத்து நீட்டியது லலிதாவின் அட்டை. அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை போலும். லலிதா கணவரையும் முகப்பிலிருந்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை வைக்கச் சொன்னார்கள். மிஷின் ஏற்கவில்லை. ரசாயனத்திலும் சூட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும். துடைத்துவிட்டு இன்னொரு முறை வைக்கச் சொன்னார்கள்.

லலிதா கட்டை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "போலீஸ் சம்மன் வந்தா என் பேர்லதான வரும்?"

"ஆமா," என்றார் கணேசன்.

"அப்ப மெதுவா ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டு, விரலை அழுத்தி வைத்தார்.